வேர், மண், நோய்: நாற்றுக்கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நாற்றும் உரமும் விற்கும் சின்னக் கடை எங்களுடையது. வருபவர்களில் பாதிப் பேர் தோட்டத்து லயங்களில் பிறந்து, பிறகு தாமான் (குடியிருப்பு) வீடுகளுக்குக் குடிவந்தவர்கள். வீட்டுக்குப் பின்னால் நாலு பாத்தி கத்தரி, மிளகாய், வேலி ஓரத்தில் இரண்டு வாழை. சிலருக்கு ஊருக்கு வெளியே இரண்டு மூன்று ஏக்கர் செம்பனை (எண்ணெய்ப் பனை) இருக்கும். செடி வாடிய பிறகு ஓர் இலையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து, "அக்கா, இதுக்கு என்ன மருந்து அடிக்கிறது?" என்பார்கள். பல நேரம் கோளாறு அந்த இலையில் இருக்காது, வேரில் இருக்கும். கடையில் நின்றபடி அரைகுறையாகச் சொல்லி அனுப்புவதை இங்கே கொஞ்சம் நிதானமாக எழுதியிருக்கிறேன்.

மண்ணில் கிருமி இருந்தாலே நோய்தானே?

இல்லை. ஒரு கிராம் நல்ல மண்ணில் நூறு கோடி பாக்டீரியா வரை இருக்கலாம். பூஞ்சைகள், நூற்புழுக்கள் எல்லாம் தனி. இவற்றில் பயிரைத் தாக்குபவை சிறுபான்மை. மற்றவை மக்கும் இலையையும் செத்த வேரையும் தின்று காலம் தள்ளுகின்றன. அவற்றில் சில, செடிக்கு நேரடியாக உதவவும் செய்கின்றன. மண்ணில் நோய்க்கிருமி இருக்கிறதா என்பது அவ்வளவு முக்கியமில்லை. அநேகமாக எப்போதும் இருக்கும். அது வேர்வரை வந்து சேர மற்றவை இடம் கொடுக்கின்றனவா என்பதுதான் கேள்வி.

அவை ஏன் வேரைச் சுற்றியே கூடுகின்றன?

சாப்பாடு அங்கே கிடைப்பதால். இலை வெயிலில் சமைக்கும் சர்க்கரையில் ஐந்தில் ஒரு பங்கு வரைகூட வேர் வழியாக மண்ணில் கசிகிறது. சர்க்கரையோடு அமினோ அமிலங்கள், கரிம அமிலங்கள், வேர் நுனியிலிருந்து வரும் கொழகொழப்பான பசை எல்லாம் சேர்ந்து வரும். வேரை ஒட்டிய சில மில்லிமீட்டர் மண்ணில் நுண்ணுயிர்க் கூட்டம் மற்ற மண்ணைவிட மிக அடர்த்தியாக இருப்பதற்கு இதுதான் காரணம். லோரென்ஸ் ஹில்ட்னர் என்ற ஜெர்மானியர் 1904-இல் அந்த மண்ணைத் தனியாகக் கவனித்து அதற்கு ரைசோஸ்பியர் என்று பெயர் வைத்தார். நாம் வேர்மண்டலம் என்போம்.

கோயில் அன்னதானத்தில் பந்தி நிறைந்துவிட்டால் பிறகு வருபவருக்கு உட்கார இலை இருக்காது. வேர்மண்டலத்திலும் அப்படித்தான். வேரின் மேல் தோலில் நல்ல இடங்களை ஏற்கெனவே மற்றவர்கள் பிடித்திருந்தால், நோய்க்கிருமி ஒட்டிக்கொள்ளவும் தின்னவும் வழியில்லாமல் போகும்.

இடம் பிடிப்பதைத் தவிர வேறு எப்படி நோயைத் தடுக்கின்றன?

பல வழிகள் உண்டு, ஒரே உயிர் இரண்டு மூன்று வழியையும் ஒன்றாகச் செய்யும்.

ஒன்று, நேரடித் தாக்குதல். டிரைக்கோடெர்மா என்ற பச்சை நிறப் பூஞ்சை, மற்றப் பூஞ்சையின் இழையைச் சுற்றி வளைத்து, அதன் சுவரைக் கரைக்கும் நொதிகளை விட்டு உள்ளிருப்பதைத் தின்றுவிடும். நாற்றழுகலை உண்டாக்கும் ரைசோக்டோனியாவை அது இப்படித் தின்பதை ரிச்சர்ட் வைண்ட்லிங் 1932-லேயே எழுதியிருக்கிறார். இன்று கடையில் பாக்கெட்டில் விற்பது அதே இனம்தான்.

இன்னொன்று, விஷம் வைப்பது. சூடோமோனாஸ், பேசில்லஸ், ஸ்ட்ரெப்டோமைசிஸ் போன்ற பாக்டீரியாக்கள் பூஞ்சைகளுக்கு ஆகாத பொருள்களைச் சுரக்கின்றன. மழை விட்டதும் மண்ணிலிருந்து வரும் அந்த வாசனைகூட ஸ்ட்ரெப்டோமைசிஸ் கூட்டத்தின் வேலைதான்.

மூன்றாவது, இரும்பைப் பிடுங்குவது. அநேகமாக எல்லா உயிருக்கும் இரும்புச்சத்து கொஞ்சம் வேண்டும். சில சூடோமோனாஸ்கள் இரும்பைக் கவ்விப் பிடிக்கும் சிடரோஃபோர் என்ற பொருளை வெளியே விட்டு, மண்ணில் கரைந்திருக்கும் இரும்பைத் தங்கள் பக்கம் இழுத்துக்கொள்ளும். பக்கத்திலிருக்கும் நோய்ப்பூஞ்சை பட்டினி. அமெரிக்காவில் ஜோசஃப் குளோப்பரும் மற்றவர்களும் 1980-இல் காட்டியது இது. ஆனால் நம் ஊர்ச் செம்மண்ணில் இதை அதிகம் நம்ப வேண்டாம் என்பது என் கருத்து. புளிப்பு மண்ணில் இரும்பு நிறையவே கரைந்து கிடக்கும். எல்லாருக்கும் தாராளமாகக் கிடைக்கும் பொருளை யாரும் பிடுங்கி வைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

நோய் இலையில் இருக்கிறது. வேரில் இருக்கும் பாக்டீரியா அங்கே என்ன செய்ய முடியும்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. 1991-இல் இரண்டு தனித்தனிக் குழுக்கள் கிட்டத்தட்ட ஒரே சேதியைச் சொன்னார்கள். ஒரு குழு வெள்ளரி விதையை நல்ல பாக்டீரியாவில் நனைத்து விதைத்தது. பிறகு இலையில் ஆந்த்ராக்னோஸ் பூஞ்சையைத் தடவியது. இன்னொரு குழு கார்னேஷன் பூச்செடியின் வேரில் பாக்டீரியாவை விட்டு, தண்டில் வாடல் பூஞ்சையை ஏற்றியது. இரண்டிலும் பாக்டீரியாவும் நோயும் ஒன்றையொன்று தொடவே இல்லை. ஆனாலும் நோய் குறைந்தது.

வேரில் குடியேறிய பாக்டீரியாவைச் செடி உணர்ந்துகொள்கிறது. ஜாஸ்மோனிக் அமிலம், எத்திலீன் ஆகியவற்றின் வழியாக அந்தத் தகவல் செடி முழுக்கப் போகிறது. உடனே எதிர்ப்புப் பொருள்களைக் கொட்டிச் சக்தியை வீணாக்குவதில்லை. தயார் நிலையில் மட்டும் இருக்கும். உண்மையில் நோய் வரும்போது வேகமாகவும் பலமாகவும் பதில் கொடுக்கும். நோய் பரவிய பிறகு பாக்டீரியாவை ஊற்றுவதால் பெரிய பலன் இல்லாததும் இதனால்தான். தயாராக அதற்கு நேரம் வேண்டும்.

எதிர்த் திசையிலும் பேச்சு நடக்கிறது. அரபிடாப்சிஸ் என்ற கடுகு இனத்துச் சின்னச் செடியின் இலையில் நோய் பட்டால், அதன் வேர் மாலிக் அமிலத்தை அதிகமாகச் சுரந்து பேசில்லஸ் பாக்டீரியாவை வரவழைக்கிறது என்று 2008-இல் கண்டுபிடித்தார்கள்.

பக்கத்து வீட்டு மண்ணில் எதுவும் வாடுவதில்லை. அதே விதை, அதே நாற்று. எப்படி?

பொறாமைப்பட வேண்டிய மண்தான். நோயை அடக்கும் மண் என்று உலகம் முழுக்கச் சில இடங்கள் உண்டு. தெற்கு பிரான்சில் ஷாத்தோரெனார் என்ற பகுதியில் ஃபியூசேரியம் பூஞ்சை மண்ணில் இருந்தும் முலாம்பழக் கொடி வாடுவதில்லை. அங்கே நோய் உண்டாக்காத ஃபியூசேரியம் வகைகள் நிறைந்து, நோய் உண்டாக்கும் தங்கள் பங்காளிகளுக்கு உணவு விடாமல் பார்த்துக்கொள்கின்றன.

கோதுமையில் இன்னும் வேடிக்கை. ஒரே வயலில் வருடா வருடம் கோதுமையே போட்டால் டேக்-ஆல் என்ற வேர்நோய் முதலில் ஏறிக்கொண்டே போகும். அப்புறம் சில வருடங்களில் தானாகவே இறங்கிவிடும். நோயுற்ற வேர்களைச் சுற்றி, அந்தப் பூஞ்சைக்கு ஆகாத பொருளைச் சுரக்கும் சூடோமோனாஸ் பெருகிவிடுவதுதான் காரணம். அந்த மண்ணைச் சூடாக்கினால் குணம் போய்விடும். சூடாக்காத மண்ணில் கொஞ்சம் எடுத்து வேறு மண்ணில் கலந்தால் குணமும் கூடவே போகும். அதாவது குணம் மண்ணின் துகளில் இல்லை, அதில் வாழ்பவற்றில் இருக்கிறது.

இதைக் கேட்டுவிட்டு, கத்தரி வாடிய பாத்தியிலேயே திரும்பத் திரும்பக் கத்தரி போட்டால் சரியாகிவிடுமா என்று கேட்காதீர்கள். பாக்டீரியா வாடலில் அப்படிக் காத்திருந்து பார்ப்பது வீண். பக்கத்து வீட்டு மண்ணை வாளியில் வாங்கி வருவதும் வேண்டாம். கூடவே எந்த நோய், எந்த நூற்புழு வரும் என்று கண்ணால் சொல்ல முடியாது.

கத்தரி பச்சையாகவே தொங்கிவிடுகிறது. தண்ணீர் ஊற்றியும் நிமிரவில்லை. என்ன நோய்?

முதலில் ஒரு சோதனை. அடித்தண்டை விரல் நீளத்துக்கு வெட்டுங்கள். கண்ணாடி கிளாசில் சுத்தமான தண்ணீர் வைத்து, வெட்டிய முனை தண்ணீரில் முங்கும்படி ஆட்டாமல் பிடியுங்கள். சில நிமிடங்களில் வெட்டுவாயிலிருந்து மெல்லிய வெள்ளை இழை, பால் கசிவது மாதிரி, கீழே இறங்கினால் அது ரால்ஸ்டோனியா என்ற பாக்டீரியா வாடல். இறங்காவிட்டால் வேறு காரணம் தேடலாம். காசில்லாமல் வீட்டிலேயே செய்யக்கூடிய இவ்வளவு நல்ல சோதனை வேறு பயிர் நோய்களுக்கு அதிகம் இல்லை.

ரால்ஸ்டோனியா வேரின் காயத்தில் நுழைந்து, தண்ணீர் ஏறும் குழாய்களில் பெருகி அடைத்துவிடும். கத்தரி, தக்காளி, மிளகாய், இஞ்சி எல்லாவற்றுக்கும் வரும். வந்த செடிக்கு மருந்து கிடையாது. யார் பாட்டிலைக் காட்டினாலும் கிடையாது. செடியை மண்ணோடு பிடுங்கி அப்புறப்படுத்துங்கள், அந்தப் பாத்தித் தண்ணீர் அடுத்த பாத்திக்கு ஓடாமல் பாருங்கள்.

நிரந்தர வழி, சுண்டைக்காய்ச் செடியின் மேல் கத்தரியை ஒட்டுக்கட்டுவது. மலாய்க்காரர்கள் தெரோங் பிப்பிட் என்பது இதைத்தான். வேர் சுண்டைக்காய், மேலே கத்தரி. சுண்டைக்காய் வேர் இந்த வாடலைப் பெரும்பாலும் தாங்கும். அதன் விதை மெதுவாக முளைத்து மெதுவாக வளரும், அதனால் கத்தரிக்குப் பல வாரம் முன்பே போட்டுவிட வேண்டும். இரண்டு தண்டும் ஒரே பருமனாக வந்ததும், சுண்டைக்காய்த் தண்டை மட்டமாக வெட்டி நடுவில் பிளந்து, கத்தரி நுனியை இருபக்கமும் சீவி அதில் செருகி, கிளிப் போட வேண்டும். பிளேடை ஒவ்வொரு செடிக்கும் ஸ்பிரிட்டால் துடைக்கவும். பிறகு ஒரு வாரம் பிளாஸ்டிக் மூடி, நிழல், ஈரம். மூடியைத் திடீரென்று எடுத்தால் ஒட்டிய நுனி வாடிவிடும். கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்க வேண்டும்.

தாங்கும் வேருக்கு அதன் சொந்தக் குணம் மட்டும்தானா, சுற்றியுள்ள கூட்டமும் காரணமா? தென்கொரியாவில் தக்காளியை வைத்து இதைப் பார்த்தார்கள். ஹவாய் 7996 என்ற தக்காளி இந்த வாடலை எதிர்க்கும், மணிமேக்கர் எதிர்க்காது. முதலாவதின் வேர்மண்டல நுண்ணுயிர்களை எடுத்து இரண்டாவதற்குக் கொடுத்தபோது அதிலும் நோய் குறைந்தது. இந்த ஆய்வு 2018-இல் வெளிவந்தது. வேரின் குணம் பாதி என்றால், அது சேர்த்து வைத்திருக்கும் கூட்டமும் பாதி.

வாழை இலை மஞ்சளாகி மடிந்து தொங்குகிறது. மருந்து ஊற்றலாமா?

ஊற்றிப் பயனில்லை. கீழ் இலைகள் ஓரத்திலிருந்து மஞ்சளாகி, காம்பு ஒடிந்து பாவாடை மாதிரி தண்டைச் சுற்றித் தொங்கினால், தண்டைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். உள்ளே பழுப்பு, செம்பழுப்புக் கோடுகள் இருந்தால் பனாமா வாடல். இதுவும் ஃபியூசேரியம்தான். ரஸ்தாளிக்குப் பழைய ரகப் பூஞ்சையே போதும். பெராங்கான், கேவென்டிஷ் வாழைகளையும் சாய்ப்பது டி.ஆர்.4 என்ற புது ரகம். 1990-களில் மலேசியாவின் பெரிய வாழைத் தோட்டங்களைக் கெடுத்தது அதுதான். தடித்த சுவருள்ள வித்துகளாக மாறி மண்ணில் பல ஆண்டுகள் உறங்கிக் கிடக்கும்.

கன்று வாங்கும்போதுதான் இந்த நோய் வீட்டுக்கு வருகிறது. சொந்தக்காரர் கொடுத்தார் என்று நோயுள்ள குத்திலிருந்து கன்று எடுத்து வராதீர்கள். திசு வளர்ப்புக் கன்று விலை கூடுதல்தான், ஆனால் சுத்தம். அந்த இடத்தில் வெட்டிய பாராங் கத்தியையும் சங்கூல் மண்வெட்டியையும் கழுவாமல் வேறு குத்துக்குக் கொண்டுபோகவும் வேண்டாம். சீனாவில் வாழைக்கு இடையிலும் மாற்றாகவும் குச்சாய் நட்டு இந்த வாடலைக் குறைத்திருக்கிறார்கள். பாசாரில் மீ கோரெங்கில் போடக் கட்டு கட்டாக விற்கும் அதே குச்சாய். முழுத் தீர்வு இல்லை. ஆனால் சும்மா கிடக்கும் இடத்தில் நட்டு வைப்பதில் நஷ்டமும் இல்லை.

செம்பனை அடியில் காளான் முளைத்திருக்கிறது. மரத்தைக் காப்பாற்ற முடியுமா?

அது கனோடெர்மா என்ற பூஞ்சை. முதலில் வெள்ளைப் பொத்தானாக வரும். பிறகு செம்பழுப்பில் பளபளவென்று, விளிம்பு மட்டும் வெள்ளையாக, தட்டு போல விரியும். அதற்கு முன்பே மரம் வேறு அடையாளம் காட்டியிருக்கும்: நடுவில் விரியாத குருத்துகள் இரண்டு மூன்றுக்கு மேல் நிற்கும், கீழ் மட்டைகள் ஒடிந்து தொங்கும். காளான் வெளியே தெரியும்போது அடித்தண்டின் உள்பகுதி பெரும்பாலும் உளுத்துப் போயிருக்கும். காப்பாற்றுவது என்பதைவிட, அடியில் மண் அணைத்து இன்னும் கொஞ்ச காலம் குலை எடுப்பது என்று சொல்வதுதான் நேர்மை. காற்றடித்தால் சாயக்கூடிய மரம் அது. கீழே பழம் பொறுக்கும் ஆட்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

மலேசியாவில் வணிகமுறையில் செம்பனை 1917-இல் கோலசிலாங்கூர் பக்கம் தென்னமாரம் தோட்டத்தில் தொடங்கியது. பின்னர் பல இடங்களில் தென்னைக்கும் ரப்பருக்கும் மேல் செம்பனை, செம்பனைக்கு மேல் மறுபடி செம்பனை என்று மாறி மாறி நட்டார்கள். பழைய அடிமரமும் வேரும் மண்ணுக்குள் கிடக்க, புதுக் கன்றின் வேர் அதைப் போய்த் தொடும். பழைய காலத்தில் முதிர்ந்த மரங்களுக்கு வந்த நோய், ஒவ்வொரு மறுநடவிலும் இன்னும் இளம் மரங்களுக்கு வருகிறது.

அதனால் வேலை மறுநடவின்போது இருக்கிறது. நோயுற்ற அடிக்கட்டையைத் தோண்டி எடுத்துச் சிறு துண்டுகளாகச் சிதைத்துப் பரப்பிவிட வேண்டும். சிறு துண்டில் அந்தப் பூஞ்சை நெடுநாள் தாக்குப்பிடிக்காது, மற்ற மண்ணுயிர்கள் வந்து தின்றுவிடும். நடவுக் குழியில் டிரைக்கோடெர்மா கலந்த மக்கு உரம் இடலாம். மலேசிய செம்பனை வாரியம், வேருக்குள்ளேயே குடியிருக்கும் ஹெண்டர்சோனியா என்ற பூஞ்சையை வைத்து ஓர் உயிர் உரத்தை உருவாக்கியிருக்கிறது. இவை கன்றின் வேருக்கு முன்கூட்டியே துணை சேர்ப்பவை. காளான் தெரியும் மரத்தின் அடியில் கொட்டினால் அது காளானுக்குத் தெரியக்கூடப் போவதில்லை.

பால்மரத்திலும் இதே கதையா?

கிட்டத்தட்ட. கோலாகங்சாரில் 1877-இல் நட்ட ரப்பர் மரங்களில் ஒன்று இன்னும் நிற்கிறது. காட்டை அழித்து நட்ட தோட்டங்களில் பல மரங்களை இளமையிலேயே சாய்த்தது வெள்ளை வேர் நோய். ரிகிடோபோரஸ் என்ற பூஞ்சை காட்டு மரக் கட்டைகளிலிருந்து புது வேருக்குப் பரவும். இளங்காட்டில் நிரைகளுக்கு நடுவே பூராரியா, கலோபோகோனியம், சென்ட்ரோசீமா கொடிகளைப் படரவிட்டார்களே, அது தழைச்சத்துக்கும் மண் அரிப்பைத் தடுக்கவும் மட்டுமல்ல. கொடி மூடிய ஈர நிழலில் கட்டைகள் சீக்கிரம் மக்கும், பூஞ்சையும் தன் உணவைச் சீக்கிரம் இழக்கும். வெளிக்காட்டு வேலை பார்த்த நம் அப்பா, அம்மாக்கள் விதைத்தது பாதி மருத்துவம்தான்.

டிரைக்கோடெர்மா பாக்கெட் வாங்கினேன், ஒன்றும் ஆகவில்லையே?

எங்கே வைத்திருந்தீர்கள் என்றுதான் முதலில் கேட்பேன். அது உயிருள்ள சரக்கு. மத்தியான வெயிலில் காரின் பின்னால் கிடந்தால் வீட்டுக்கு வரும்போது வெறும் தூள்தான் மிஞ்சும். காலாவதித் தேதியைப் பாருங்கள், நிழலில் வையுங்கள், பிரித்த பிறகு சீக்கிரம் பயன்படுத்துங்கள்.

காய்ந்த மொட்டை மண்ணில் தூவுவதும் வீண். மக்கிய உரத்தில் கலந்து ஈரப்படுத்தி, சில நாள் நிழலில் மூடி வைத்து, பிறகு நடவுக்குழியில் வேருக்குப் பக்கத்தில் போடுங்கள், சாயங்காலமாக. பூஞ்சைக்கொல்லி ஊற்றிய மண்ணில் உடனே போட்டால், ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்குவதாக ஆகும், இதுவும் பூஞ்சைதானே. சரக்கு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க, வெந்து ஆறிய சோற்றில் ஒரு சிட்டிகை தூவிச் சுத்தமான டப்பாவில் மூடி வையுங்கள். சில நாளில் முதலில் வெள்ளையாகி, பிறகு பச்சையானால் நல்லது. கறுப்போ ஆரஞ்சோ வந்தால் வேறு எதுவோ நுழைந்துவிட்டது, தூக்கி எறியுங்கள்.

ஒரு எச்சரிக்கை: வீட்டில் சிப்பிக் காளான் வளர்ப்பவர்கள் இதைக் காளான் கொட்டகை பக்கமே கொண்டுபோகக் கூடாது. டிரைக்கோடெர்மாவுக்கு நல்ல பூஞ்சை, கெட்ட பூஞ்சை என்ற பேதமெல்லாம் கிடையாது.

பஞ்சகவ்யம், இ.எம். என்ற நுண்ணுயிர்க் கரைசல் எல்லாம் போடலாமா?

போடலாம், அளவாக. அவற்றில் நுண்ணுயிரும் சத்தும் இருப்பது உண்மை. ஆனால் வாளிக்கு வாளி, வீட்டுக்கு வீடு மாறும். ஒருவருக்குக் கேட்டது இன்னொருவருக்குக் கேட்காது. நோயைத் தீர்க்கும் என்று சொல்லி விற்பவரிடம் நான் வாங்க மாட்டேன், விற்கவும் மாட்டேன். பச்சையாகத் தின்னும் கீரை, சாலட் இலைமேல் சாணம் கலந்த கரைசலை ஊற்ற வேண்டாம். நமக்கு வயிற்றுக் கோளாறு வரும்.

ரசாயன உரம் நுண்ணுயிரைக் கொன்றுவிடுமா?

கொன்றுவிடாது, அளவு மீறாதவரை. தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் கலந்த என்.பி.கே. உரத்தில் பச்சை 15-15-15, நீலம் 12-12-17 இரண்டும் நாங்களே விற்கிறோம். பிரச்சினை, கோழிச் சாணத்தோடு இவற்றையும் மாதா மாதம் அள்ளிப் போடுவதில் இருக்கிறது. அப்படிச் செய்தால் மணிச்சத்து (பாஸ்பரஸ்) மண்ணில் தேங்கும். மணிச்சத்து தாராளமாகக் கிடைக்கும் செடி, மைக்கோரைசா பூஞ்சைக்குச் சர்க்கரை கொடுப்பதைக் குறைத்துக்கொள்ளும். மைக்கோரைசா என்பது வேருக்குள் நுழைந்து, தன் இழைகளால் தொலைவிலிருந்து மணிச்சத்தும் தண்ணீரும் கொண்டுவரும் கூட்டாளி. நிலத்துத் தாவர இனங்களில் பத்தில் ஏழு பங்கு இதோடு சேர்ந்துதான் வாழ்கின்றன. அது குடியிருக்கும் வேரில் வேரழுகல் பூஞ்சையும் நூற்புழுவும் சற்றுச் சிரமப்பட்டுத்தான் நுழைய வேண்டும். யூரியாவும் அம்மோனிய உரமும் தொடர்ந்து போட்டால் மண்ணின் புளிப்பும் ஏறும்.

பச்சைக் கோழிச் சாணத்தை அப்படியே வேரடியில் கொட்டுவது அதைவிட மோசம். அதன் சூடும் அம்மோனியாவும் இளம் வேரைச் சுட்டுவிடும். சுட்ட வேரில் நோய் நுழையத் தனியாகக் கதவு தேட வேண்டியதில்லை.

கீரைக்கு மைக்கோரைசா வாங்கலாமா?

வேண்டாம். முளைக்கீரை, தண்டுக்கீரை, கடுகுக் கீரை, சாவிக் கீரை, முள்ளங்கி, முட்டைக்கோஸ் ஆகியவை அதோடு பெரும்பாலும் சேராதவை. மிளகாய், வெங்காயம், சோளம், பயற்றங்காய், வாழைக்கு வாங்கினால் அர்த்தமுண்டு.

வேரில் முடிச்சு முடிச்சாக இருக்கிறது. நல்லதா, கெட்டதா?

எந்தச் செடி என்று பாருங்கள். பயற்றங்காய், நிலக்கடலை என்றால் நல்லது. நகத்தால் தள்ளினால் வேரைவிட்டு உதிரும் உருண்டைகள் அவை; பிளந்தால் உள்ளே இளஞ்சிவப்பு. காற்றிலுள்ள தழைச்சத்தை ரைசோபியம் பாக்டீரியா பிடித்துக் கொடுக்கிறது என்பதற்கு அந்த நிறமே அடையாளம். கத்தரி, வெண்டை, தக்காளி வேரே ஆங்காங்கே வீங்கி, உதிராமல், வேரின் உடம்பாகவே இருந்தால் வேர்முடிச்சு நூற்புழு. அது போடும் ஓட்டை வழியாக வாடல் நோயும் நுழையும்.

அதற்குத் துலுக்கச் சாமந்தி நட்டால் போதுமா?

வேலியோரம் அழகுக்கு இரண்டு செடி நட்டால் போதாது. மாலை கட்டும் அந்தச் செண்டுப்பூவின் வேரில் நூற்புழுவுக்கு ஆகாத பொருள் இருப்பது உண்மை. ஆனால் பாத்தி முழுக்க நெருக்கமாக, அடுத்த பயிருக்கு முன்னால் இரண்டு மூன்று மாதம் நிற்க வேண்டும். பூவைக் கோயிலுக்குக் கொடுங்கள், செடியை அங்கேயே மண்ணில் மடக்குங்கள்.

சுண்ணாம்பு போடச் சொல்கிறீர்களே, எதற்கு?

நம் பக்கத்து மேட்டு மண்ணின் பி.எச். (புளிப்பைக் காட்டும் அளவு; குறையக் குறையப் புளிப்பு அதிகம்) பல இடங்களில் 4-க்கும் 5-க்கும் இடையில்தான் இருக்கும். அந்தப் புளிப்பில் அலுமினியம் கரைந்து வேர் நுனியைக் கெடுக்கும். வேர் குட்டையானால் வேர்மண்டலமும் குறையும். ஃபியூசேரியத்துக்கும் புளிப்பு மண் தோதானது. ஜி.எம்.எல். என்று கடையில் விற்கும் மெக்னீசியச் சுண்ணாம்புத் தூளை நடுவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்னால் கலந்து, 5.5-லிருந்து 6.5-க்குள் கொண்டுவந்தால் காய்கறிக்குப் போதும். யூரியாவோடு சேர்த்து ஒரே நாளில் போடாதீர்கள். தழைச்சத்து ஆவியாகப் போய்விடும்.

களைக்கொல்லி அடிப்பது மண்ணைக் கெடுக்குமா?

தோட்டங்களில் முதுகில் பம்பைச் சுமந்து மருந்து அடித்த பெண்களுக்கு அது என்ன செய்தது என்பது இந்த ஊரில் பலருக்கும் தெரியும். பாராகுவாட் என்ற களைக்கொல்லி 2020 ஜனவரி 1 முதல் இந்நாட்டில் தடை. மண்ணைப் பொறுத்தவரை, மருந்தின் விஷத்தைவிட மொட்டைத் தரைதான் எனக்குக் கவலை. உயிருள்ள வேர் இல்லாத மண்ணில் கசியும் சர்க்கரை இல்லை, கூட்டம் கலைந்துவிடும். தரையைத் தார் போட்ட மாதிரி சுத்தமாக வைத்தால்தான் நல்ல தோட்டக்காரர் என்று மண்டோர் (தோட்ட மேற்பார்வையாளர்) காலத்துப் பழக்கம் ஒன்று நம்மிடம் இருக்கிறது. செடியடியை மட்டும் சுத்தமாக வைத்து, மீதியில் வெட்டிய புல்லையோ காய்ந்த இலையையோ மூடாக்காகப் போடுங்கள்.

தாமான் வீடு, வெறும் தொட்டிதான். எனக்கும் இதெல்லாம் பொருந்துமா?

பொருந்தும். வெறும் தேங்காய் நார்த்தூளில் நோயும் இல்லை, நோயைத் தடுப்பவர்களும் இல்லை. பித்தியம் மாதிரி வேரழுகல் கிருமி ஒன்று தண்ணீரில் வந்துவிட்டால் எதிர்க்க ஆளில்லாமல் பரவும். நன்றாக மக்கிய உரம் கலந்த கலவையில் அந்த நோய் குறைவு. மரப்பட்டையை மக்கவைத்துக் கலந்து அமெரிக்க நாற்றங்கால்களில் இதை 1970-களிலிருந்தே பயன்படுத்துகிறார்கள். மூன்று பங்கு தூளுக்கு ஒரு பங்கு மக்கு உரம் என்று தொடங்குங்கள். மண்வாசனை வர வேண்டும். அம்மோனியா நாற்றம் அடித்தால் இன்னும் மக்கவில்லை. தொட்டிக்கு அடியில் தட்டு வைத்துத் தண்ணீர் தேக்காதீர்கள். அக்டோபர், நவம்பர் மழையில் அந்தத் தட்டை முதலில் எடுத்துவிடுங்கள்.

எல்லாம் செய்கிறேன். எத்தனை நாளில் பலன் தெரியும்?

தொட்டியில் ஒரே பயிரில் தெரியலாம். பாத்தியில் இரண்டு மூன்று பயிர் ஆகும், அதுவும் ஒவ்வொரு முறையும் குடும்பம் மாற்றிப் போட்டால்: கத்தரி எடுத்த இடத்தில் மிளகாய் நட்டால் அது மாற்றுப் பயிர் ஆகாது, இரண்டும் ஒரே குடும்பம். சோளம், பயற்றங்காய், வெங்காயம் என்று மாற்றுங்கள். அடுத்த முறை கடைக்கு வரும்போது இலையை மட்டும் கிள்ளிக்கொண்டு வராமல், வாடிய செடியை வேரோடும் கொஞ்சம் மண்ணோடும் பிடுங்கி, பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டிக் கொண்டுவாருங்கள்.